467.2

பாரென்ட்ஸ் கடலின் அடிச்சேறு,
முந்நூறு மீட்டர் ஆழம்.
அதிலிருந்த ஒரு நுண்ணுயிர்
பதினேழு நாள் வளர்ந்து
குடுவையை மஞ்சளாக்கியது.
அதன் சாறு பட்ட புற்றணுக்கள்
ஒரே இரவில் சுருண்டு கிடந்தன.

ட்ரோம்ஸோவில் சூரியன் போய் மூன்று வாரம்.
டோருன் யாரிடமும் சொல்லாமல்
அதற்கொரு பெயர் வைத்திருந்தாள்,
பாதி கப்பலுடையது, பாதி மகளுடையது.
ஹால்வார் கேக்கே வாங்கிவிட்டான்.

"முதலில் இயந்திரத்தில் ஏற்று" என்றாள்.

பன்னிரண்டு நிமிடம்.
திரையில் ஒற்றைச் சிகரம்: 467.2.
மூலக்கூறை உடைத்துப் பார்த்தார்கள்.
துண்டுகளும் பட்டியலில் இருந்த துண்டுகள்தாம்.
ஸ்டாரோஸ்போரின்.
எழுபதுகளில், ஜப்பானில், மண்ணிலிருந்து.
அன்றும் யாரோ ஒருவர்
குடுவையை விளக்கருகே தூக்கிப் பிடித்திருப்பார்.

கள் பழையது. மொந்தைதான் புதிது.

"இரண்டு வருடம் மிச்சம்" என்றான் ஹால்வார்.
உண்மைதான்.
பிரித்து, வடித்து, படிகமாக்கி,
அடுத்த குளிர்காலமும் கழிந்தபின்
இது தெரிந்திருந்தால்?
அவள் பதில் சொல்லவில்லை.

ஆனாலும் பாருங்கள்,
அங்கே வெயில் காய்ந்த மண்ணில் ஒன்று,
இங்கே வெளிச்சமே எட்டாச் சேற்றில் ஒன்று.
ஒன்றின் முகம் மற்றதற்குத் தெரியாது.
ஓர் அணு கூடாமல் குறையாமல்
அதே நஞ்சைச் சமைக்கின்றன.

கேக்கை வெட்டினார்கள், வீணாக்குவானேன்.
குடுவையில் "தெரிந்தது" என்று சீட்டு ஒட்டி
டோருன் அடுத்ததை எடுத்தாள்.
எண் 212. லேசான பச்சை.
இதற்குப் பெயரெல்லாம் யோசிக்கவில்லை
என்று சொல்லிக்கொண்டாள்,
சற்றுச் சத்தமாகவே.