கழலும் கை

பங்குனி மாதம்.
மேல்கணக்கிலிருந்து இறங்கும்போது பல் கிட்டுகிறது.
டிக்கோயா வளைவில் பஸ் திரும்பினால்
கண்ணாடி வழியே வெயில் வந்து
மடியில் உட்காருகிறது, அழைக்காத விருந்தாளி.
மூன்று மணிக்கு மலையைக் காணோம்.
நாலு மணிக்கு
மழையா பனியா என்று
தனக்கே தெரியாத ஒன்று பெய்கிறது.

இதற்கு என்ன உடுத்துவது?

கொழுந்தெடுத்த காலத்தில் இந்தக் கேள்வி இல்லை.
இடுப்பில் படங்கு, தலையில் மடித்த உரச்சாக்கு,
உள்ளே அவருடைய பழைய சட்டை.
மழை வந்தால் மழை.
குளிர் வந்தால் கை இன்னும் வேகமாக.
இருபத்திரண்டு வருஷம்
உடம்புதான் கோட்டு.

போன தையிலிருந்து
ஹட்டனில் விடுதி அடுப்படியில் வேலை.
மாடியில் குளிர் தேடி வந்தவர்கள்
ஜன்னலைத் திறந்து படம் பிடித்து
உடனே மூடிக்கொள்கிறார்கள்.
கீழே நான் முட்டை பொரிக்கிறேன்.
நான்கு அடுப்பு, ஒரு புகைபோக்கி,
அதுவும் பாதி அடைப்பு.

போதாதென்று
உள்ளேயும் ஓர் அடுப்பு.
நாற்பத்தெட்டு வயது.
சொல்லாமல் மூள்கிறது,
கழுத்து, காது, நெற்றி, மேலுதட்டில் வியர்வை.
ரெண்டு நிமிஷம்தான். பிறகு அந்த ஈரத்தில் நடுக்கம்.
இரவில் நான் உதறும் போர்வையைத்
திரவியம் இழுத்துச் சுற்றிக்கொள்கிறார்:
"ஒனக்கென்ன, கொழும்புலயா படுத்திருக்க?"
கிளினிக்கில் மருத்துவிச்சி சொன்னாள்,
"வயசுதான், போகும்."
எங்கே போகும் என்று கேட்டேன்.
அட்டையில் எழுதிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு, ஃபலீலின் கடை.
கார்மென்டில் கழித்த கோட்டுகள்
கம்பியில் தலையில்லாமல் நெருக்கியடித்து நின்றன,
சம்பள நாள் வரிசை.

மொத்தமான ஒன்று, பனி நாட்டுக்குத் தைத்தது.
போட்டதுமே என் அடுப்பு பற்றிக்கொண்டது.
கழற்றுவதற்குள் கடையே பார்த்தது.
மெல்லியதில்
காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது,
சுகம் விசாரிக்காமல்.
நீலம் ஒன்று, நல்ல நீலம்,
ஆனால் பைகள் பொய்.
வாய் மட்டும்தான், வயிறு இல்லை.

"என்னா வேலைக்கு?" என்றார் ஃபலீல்.
அடுப்படிக்கு என்றேன், நடைக்கு என்றேன்.
மற்றதைச் சொல்லவில்லை.
என் நெற்றியை ஒருமுறை பார்த்தார்.
மேசை விசிறியை என் பக்கம் திருப்பிவைத்தார்.
"எங்க வீட்லயும் இப்ப இதே சீசன்தான்,"
பில் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார்.

பிறகு குவியலின் அடியிலிருந்து
பாசி நிறத்தில் ஒன்றை இழுத்தார்.
தோளில் ஸிப். கை கழலும்.
"ஒரே குறை. இடது பக்கம் ஸிப்பு நகராது,
வலது கை மட்டுந்தான் கழலும்.
ரெண்டாயிரத்து நூறு போட்டிருக்கு,
ஆயிரத்தி அறுநூறு தாங்க."

கண்ணாடியில் நின்றேன்.
ஒரு கை பனி நாடு.
ஒரு கை பதுளை வெயில்.
நாடகத்தில் பாதி வேஷம் போட்டதும்
கூப்பிட்டுவிட்டாற்போல் இருந்தேன்.
பைக்குள் கையை விட்டேன்.
ஆழம் இருந்தது.
ஆயிரத்து ஐந்நூறுக்குக் கேட்டேன். தந்தார்.

திங்கள் காலை, ரெண்டு கையோடும் இறங்கினேன்.
வளைவில் வெயிலா, அடுப்பா,
எது முந்தியதென்று தெரியவில்லை.
ஸிப்பை இழுத்தேன்.
அது ஒரே சீராக, பட்டாணி உரிப்பதுபோல்,
தோளைச் சுற்றி வந்தது.
புஜத்தில் காற்று.
கண்ணை மூடியிருப்பேன் போல,

"அக்கா, ஒங்க கை விழுந்திருச்சு!"
கண்டக்டர் தம்பி பதறிக் கத்த
பஸ்ஸே திரும்பியது.
நடைவழியில் பாசி நிறத்தில் கிடந்தது என் கை,
ஒரு செருப்பின் அருகே, முழங்கை மடிந்து.

யாரோ எடுத்து, யாரோ தட்டி,
சீட்டு சீட்டாக முன்னால் வந்தது.
வாங்கினேன். மடித்தேன்.
வயிறுள்ள பைக்குள் வைத்தேன்.
நாலு மணிக்கு வேண்டியிருக்கும்.