தட்டிப் பார்த்தல்

படுக்கையறைச் சீலிங்கில் ஈரம் படர்ந்த ஓரத்தை
முக்காலியில் ஏறிப் பென்சிலால் சுற்றி வரைந்து
தேதி போட்டு வைத்திருக்கிறேன்.
ஆடி பதினாறு. ஆவணி நாலு.
புரட்டாசி இரண்டாம் சனியின் கோடு
மின்விசிறிக் கொக்கியைத் தாண்டிவிட்டது.

ஐப்பசிக்குப் பதினெட்டு நாள்.
சீட்டுப் பணம் எண்பதாயிரம்
அரிசி டின்னுக்குள்.

மரியலூயிஸ் மேஸ்திரி காகிதத்தில் எழுதியே தந்தார்:
"பழைய தட்டோட்டை நல்லாத் தேச்சுக் கழுவி
மேலயே வெள்ளை ஓடு ஒட்டிரலாம்க்கா.
நாலு நாள். அறுபத்திரண்டுக்குள்ள முடிஞ்சிரும்.
வெக்கையும் இறங்காது."

சோணை மேஸ்திரி எதையும் எழுதவில்லை.
மொட்டைமாடியில் குத்தவைத்து
கரண்டியின் மரப்பிடியால்
வரிசை வரிசையாகத் தட்டிக்கொண்டே நகர்ந்தார்.
சில ஓடு டங் என்றது.
சில ஓடு பொத் என்றது.
பொத்தென்றதில் எல்லாம் சாக்பீஸால் ஒரு சுழி.
தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வருவதற்குள்
சாக்பீஸ் தீர்ந்துவிட்டது.
"பேக்கணும்."
"எவ்வளவு ஆகும்?"
"பேத்தாத்தான் தெரியும்."

தனுஷ்கோடிக்கு அந்தப் பதில் ஆகவில்லை.
பழங்காநத்தத்தில் டயர் ரீட்ரெடிங் பட்டறை அவருக்கு.
ராத்திரி சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்:
"பழைய டயர் மேல புது ரப்பர் ஒட்டித்தான்
பாதி லாரி திருமங்கலம் தாண்டுது.
ஓட்டுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?"

"ஒட்டுறதுக்கு முன்னால
பழசைச் சுரண்டுவீங்களா மாட்டீங்களா?"

"சுரண்டாம எப்படிப் பிடிக்கும்?"

"சுரண்டயில உள்ள கம்பி தெரிஞ்சா?"

ரசத்தை ஊற்றச் சொன்னார்.
பதில் வரவில்லை.

காலையில் அவரே சோணைக்குப் போன் போட்டார்.
"தொட்டியோரம் ஒண்ணே ஒண்ணு பேத்துக் காட்டுங்க,
பிறகு பேசுவோம்."

உளி இறங்கியது.
ஓடு அப்பளம்போல் கையோடு வந்தது.
அடியில் தளம் இல்லை.
இன்னொரு ஓடு.
கொஞ்சம் சின்னது, கருஞ்சிவப்பு, மேலெல்லாம் பாசி.
இரண்டுக்கும் நடுவே
எந்த மழையின் தண்ணீரோ தெரியாமல் கசிந்து நின்றது.
அதற்குள் வெள்ளையாய், நூல்போல்
ஓர் அரசம் வேர்
எங்கள் படுக்கையறைத் திசையில் போய்க்கொண்டிருந்தது.

வீட்டை எங்களுக்கு விற்றவர் குருநாதன் சார்.
கூட்டுறவு வங்கியில் காசாளர்.
சாவியைக் கொடுத்தபோது சொன்னது:
"மேல ஓடு மாத்தியிருக்கேன், கவலையே வேணாம்."
திட்ட வாயெடுத்தேன்.
அவரும் ஒரு புரட்டாசியில் இதே தொட்டியோரம்
மூன்று பிள்ளைகளின் பீஸைக் கழித்து
மிச்சத்தைக் கணக்குப் பார்த்திருப்பார்.
பாதித் திட்டை விழுங்கினேன்.
பாதியைத் திட்டினேன்.

"இதுக்கு மேலயும் ஒண்ணு ஏத்தினா..."
என்று தொடங்கிய சோணை
கீழே கட்டிலைப் போட்டிருக்கும் இடத்தைக்
கண்ணால் அளந்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பேர்த்தோம்.
ஆறு நாள் உளிச் சத்தம்.
கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஃபைசல்
ஆதார் அட்டையெல்லாம் நடுங்கி வருகிறது என்றான்.
இருநூற்றுப் பதினோரு சாக்கு.
விராட்டிபத்தில் யாரோ பள்ள மனையை மேடாக்குகிறார்களாம்,
குட்டியானை ஒன்பது நடை அடித்தது.
கடைசி நடை போனபின் மாடியில் நின்றால்
வீடு ஒரு மூச்சு விட்டதுபோல் இருந்தது.
பிரமையாகவும் இருக்கலாம்.

பணம் அதற்குள் தீர்ந்துவிட்டது.
வேரைக் கிள்ளி, வெடிப்பை அடைத்து
இரண்டு கோட் ரசாயனம் பூசியதோடு சரி.
வெள்ளை ஓடு அடுத்த சீட்டுக்கு.
வரும் சித்திரை முழுக்க
அடுப்புமேல் தோசைக்கல்போல் தளம் காயும்,
நாங்கள் அடியில் கிடப்போம்.
"அறுபத்திரண்டுலயே முடிஞ்சிருக்கும்"
தனுஷ்கோடி இதுவரை நாலு முறை சொல்லிவிட்டார்.

நேற்றுச் சீலிங்குக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தான்.
பென்சில் கோடுகள்மேல் பிரஷ்ஷை வைக்கப் போனவனை
ஒரு மழை போகட்டும் என்று திருப்பி அனுப்பினேன்.

இன்று சாயங்காலம்
நாகமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வருகிறது.
முக்காலியைக் கட்டிலுக்கு அருகே இழுத்துப் போட்டேன்.
பென்சிலைத்தான் காணவில்லை.
அவர் எடுத்து ஒளித்திருப்பார்.