அக்குளில் ஒரு மூச்சு

தடைக்காலம் நாற்பத்தைந்து நாள்.
பாசிக்கு இறங்கக்கூடாது.
சும்மா உட்கார முடியாமல்
மண்டபம் இசைப்பள்ளியில் போய்ப் பீஸ் கட்டினேன்.
பழைய ரயில்வே குவார்ட்டர்ஸ், ஜன்னலுக்குக் கதவில்லை.
விண்ணப்பத்தில் தவில் என்று எழுதினேன்.

பெனிட்டா டீச்சருக்கு என் மூத்த மகள் வயசு.
விரலைக் காட்டுங்க என்றாள்.
பாரில் கிழிபட்ட தழும்பு பாதி,
கிழிபடாமல் இருக்கச் சேலைத்துணி சுற்றிச் சுற்றி
இறுகிப்போனது மீதி.
தவில்காரரும் விரலுக்குக் கூடு போடுவார்,
துணியும் பசையும் சேர்த்துக் கல்லாகக் காயவிட்டு.
ஒரு கல்யாணத்தில் அதைப் பார்த்துத்தான் ஆசை வந்தது.
எனக்குப் பாதிக் கூடு முளைத்தே இருக்கிறதே.

அவள் விரலை விட்டுவிட்டாள்.
தண்ணிக்குள்ள எவ்வளவு நேரம் இருப்பீங்க?
எண்ணினதில்ல டீச்சர். ஒரு கை நிறையிற வரைக்கும்.
எழுந்துபோய் அலமாரி திறந்தாள்.
வந்தது துருத்தி.

ஒரு முழு ஆட்டுத்தோல்.
கழுத்திருந்த இடத்தில் மூங்கில் குழல்,
முன்னங்கால் ஒன்றில் ஊதுவாய்,
மற்ற கால்களுக்கு முடிச்சு.
உப்புக்கண்டத்துக்குத் தப்பிய ஆடு போலிருந்தது.
ஊதி நிரப்பி அக்குளில் இடுக்கி அழுத்தினால்
ஒரே சத்தம்.
ஏறாது. இறங்காது.
இதுல என்ன பாட்டு வரும்?
பாட்டு மத்தவங்க வாசிப்பாங்க.
நீங்க விட்டா அவங்க விழுந்துடுவாங்க.

முதல் வாரம் ஆடு செத்த மாதிரியே கத்தியது.
என் தப்பு எனக்கே தெரிந்தது.
மூச்சை நான் அடக்கினேன்.
இருபத்தாறு வருசப் பழக்கம்,
நெஞ்சுக்குள் பூட்டிக் குனிந்து
கல்லிடுக்கில் மரிக்கொழுந்துப் பாசியைத் தடவித் தடவி.
விட்டால் செத்தாய் என்று படித்த மூச்சு
வெளியே வா என்றால் வருமா?

அடுத்த அறையில் சாத்தையா,
ஐஸ் கம்பெனியில் சுமை தூக்குகிறவன்,
தா தீ தொம் நம் என்று மரக்கட்டையை அடித்துக்கொண்டிருந்தான்.
தவிலை இன்னும் தொடவிடவில்லை.
பனிப்பாளத்தை முதுகில் ஏற்றுகிறவன்
சுட்டுவிரல் வலிக்குது என்று மூக்கால் அழுதான்.
அவன் தப்புகிற இடமெல்லாம் எனக்குத் தெரிந்தது.
சொல்லவில்லை.
என் வகுப்பு அது இல்லை.

பத்தொன்பதாம் நாள் தையல் விட்டு
உஸ் என்று சுருங்கியது தோல்.
டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.
சைக்கிள் கடையில் ட்யூப் துண்டு வாங்கி,
வத்தைக்குப் பூசும் குங்கிலியம் காய்ச்சி
ஒட்டிக் கொடுத்தேன்.
ஓட்டை அடைக்க எனக்கு யார் சொல்லித்தரணும்?

முப்பத்திரண்டாம் நாள்
ராமேஸ்வரம் பாசஞ்சர் கடந்துபோனது.
சுவரெல்லாம் ஆடியது. எல்லாரும் நிறுத்தினார்கள்.
நான் நிறுத்த மறந்தேன்.
ரயில் போனபின் மூச்சு வாங்கினேன்,
சத்தம் அறுந்துபோகவில்லை.
வாயைத் திறந்து, நிதானமாக, இன்னொரு தரம் வாங்கினேன்.
இருந்தது.
நான் வாங்கும்போதும் விட்டுக்கொண்டிருக்கும் ஒரு மூச்சு
என் அக்குளில் இருந்தது.

இப்படி ஒரு பை கடலுக்குள் இருந்திருந்தால்
அன்றைக்கு என் நாத்தனார் பேச்சியும்
மேலே வந்திருப்பாள்.

கடைசி வாரம்தான் சாத்தையாவுக்குத் தவில் கிடைத்தது.
என் சுருதிக்குமேல் அடித்தான்.
மூன்றாம் சுற்றில் எண்ணிக்கை நழுவி
பேந்தப் பேந்த விழித்தான்.
வாயில் ஊதுகுழல், பேச வழியில்லை.
சும்மா இருந்த என் வலது கை
தொடைமேல் தட்டிக் காட்டியது.
அவன் என் விரலைப் பார்த்தபடியே உள்ளே வந்து சேர்ந்தான்.
டீச்சர் பார்த்தாள்.
ரெண்டுக்கும் பீஸ் கட்டணும்கா என்றாள்.

நாற்பத்தாறாம் நாள் விடியலில்
துணி சுற்றிக்கொண்டு இறங்கினோம்.
கடல் வெதுவெதுப்பாக, மண்டி கலங்கிக் கிடந்தது.
நாலு முங்கு போட்டுச் சாக்கோடு ஏறி
வத்தை ஓரத்தில் உட்கார்ந்தேன்.
எதிரே சிகப்பி கேட்டாள்:
என்னடி, இடது கையில அடிகிடி பட்டுருச்சா,
விலாவோட ஒட்டியே வச்சிருக்க?