இருபத்தொன்பதாம் டோக்கன்

சீட்டா கேம்ப், முனிசிபல் பள்ளி, ஏழாம் வகுப்பு அறை.
பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம்.
கரும்பலகையில் அழிக்காமல் விட்ட பின்னக் கணக்கு,
அதை மறைத்தும் மறைக்காமலும் ஒரு பதாகை:
பேட்டைக் காற்றைச் சுத்தம் செய்யும் நிதி,
வழிமுறை வரைவு, மக்கள் கருத்து.
ஆளுக்கு மூன்று நிமிடம்.

கான்கிரீட் கலவை ஆலையைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.
மனப்பாடம் செய்திருந்தேன்:
தார்ப்பாய் மூடாத மணல் லாரி,
இரவு ஒன்றரைக்கு ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.
எனக்கு முன் வந்தவர்களே அதைப் பேசித் தீர்த்தார்கள்.
எண்ணெய் ஆலை என்றார் ஒருவர்,
குப்பை மலை என்றார் இன்னொருவர்.
தெருவுக்குத் தண்ணீர் தெளிக்கும் வண்டி வேண்டும் என்றதற்கு
குடிக்கவே வரலியே என்றது கடைசி பெஞ்ச்.
சிரித்தோம்.
சிரிப்பு வழக்கம்போல் இருமலில் போய் நின்றது.

பிறகு ஜெபக்கனி எழுந்தாள்.
"என் இந்தி மீன் வாங்கத்தான் காணும்.
இதைத் தமிழ்லதான் சொல்லணும்."
வாக்மாரே மேடம் அறையைத் துழாவினார்.
யாரோ என் முதுகைத் தள்ளினார்கள்:
காஜா பாய்க்கு ரெண்டும் வரும்.

அவள் என்னை ஒரு நொடி பார்த்தாள்,
அப்புறம் மேடத்தை மட்டும்.

"விடியக்காலம் மூணு மணிக்கு
எங்க ஜன்னலுக்குக் கீழேர்ந்து புகை."
சொன்னேன். தீன் பஜே. கிட்கி. துஆங்.
தமிழ் நாக்கில் புகையும் துஆவும்
கிட்டத்தட்ட ஒரே சொல்.

"வெறும் விறகுப் புகை இல்ல, பெயிண்ட் வாடை.
பழைய கதவு, பிளைவுட், உடைஞ்ச கட்டில்."

எந்தக் கட்டில் என்று எனக்குத் தெரியும்.
குர்லாவில் கிலோ நாலு ரூபாய்க்கு வாங்கியது,
தலைமாட்டில் மயில் செதுக்கியது.
கட்டிலைச் சொன்னேன்.
மயிலைச் சொல்லவில்லை.

பையிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து விரித்தாள்.
துவைத்துக் காயப்போட்டதாம்.
அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

எந்த பேக்கரி, என்றார் மேடம்.
அவளிடம் திரும்பி, தமிழில், நானே கேட்டேன்:
"எந்த பேக்கரின்னு கேக்கறாங்க."
தமிழ் தெரிந்தவர்கள் எல்லோரும்
தத்தம் செருப்பைப் பார்த்தார்கள்.

"பேரு எதுக்கு? எழுதினா நாளைக்கே சீல் வைப்பீங்க.
காலையில பாவ் யாரு தருவா?
கேஸ் அடுப்புக்குப் பணம் உண்டுன்னு ஆறாம் பக்கத்துல இருக்கு.
அதுக்குக் கீழயே, இடம் சொந்தமா இருக்கணும்னும் இருக்கு.
இங்க யாருக்கு இருக்கு சொந்த இடம்?
அந்த வரியை அடிங்க. அவ்வளவுதான்."

முப்பது வருஷ இந்தி அங்கே வழுக்கியது.
அடிங்க என்பதை மாரோ என்றுவிட்டேன்.
குறிப்பெழுதும் பையன் நிமிர்ந்தான்:
யாரை?
வரியை, என்றேன். வரியை.
மணி அடித்துவிட்டது.

என் முறை வந்தபோது
இருபத்தொன்பது சொன்னதேதான் என்றேன்,
இரண்டே முக்கால் நிமிடம் மிச்சம்.
படிவத்தில் தொழில் என்ற கட்டம் இருந்தது.
பேனாவை வாங்கி
ரொட்டி என்று எழுதினேன்,
கடை எண்ணோடு.

மறுநாள் மூன்று மணி.
மாவு பொங்கி விளிம்பைத் தொட்டிருந்தது, காத்திருக்காது.
பெயிண்ட் அடித்த கட்டைகளைப் பொறுக்கித் தனியே வைத்தேன்.
மீதி பாதி அடுப்புக்குக்கூடக் காணவில்லை.
நாலைத் திரும்ப எடுத்துப் போட்டேன்.
மேலே அவள் ஜன்னல் சாத்தியிருந்தது,
ஒரு பலகை மட்டும்
இரண்டு விரற்கடை திறந்தபடி.
மழைக்கு ஊதிப்போனது அது,
சாத்த வராது.