பதினோராவது நிமிடம்

லியெபாயாவில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
பால்டிக் கடலிலிருந்து கரையேறி
டிராம் கம்பிகளை உலுக்கிவிட்டு
இரண்டாம் மாடி ஜன்னலில் வந்து அது முட்டும்போது
குன்டார்ஸ் வெய்லான்ட்ஸ்
ஒரு போர்க்கப்பலின் வாலில்
நெருப்பைத் திருத்திக்கொண்டிருப்பான்.

பகலில் அவன் பல் செய்கிறவன்.
மருத்துவர் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி
பீங்கான் சுட்டு, சாயம் தொட்டு
யாரோ ஒருவரின் மஞ்சளுக்கு
இணையான மஞ்சளைத் தேடுகிறவன்.
வெள்ளை என்று ஒரு நிறமே இல்லை என்பான்.

இரவில் விண்வெளி.
ஆறு வருடம், நான்கு மாதம்.
ஒலிக்கு ஆள் வைக்கப் பணமில்லை.
வெடிச் சத்தத்துக்காக
மார்ச் மாதம் கால்வாயில் பனி பிளப்பதை
பாலத்தின் மேல் குப்புறப் படுத்துப் பதிவு செய்தான்.
ரோந்து வந்த போலீஸ்காரி டார்ச் அடித்து
என்ன செய்கிறாய் என்றாள்.
“கப்பல் வெடிக்கிறது” என்றான்.
வாயை ஊதச் சொன்னாள்.

விண்கற்கள்தான் வரைய வரவில்லை.
எப்படிச் செதுக்கினாலும் உருளைக்கிழங்கு.
பிறகு ஒருநாள்
பட்டறை அலமாரியில் தூசி தின்றுகொண்டிருந்த
பழைய அச்சுகளைப் பார்த்தான்.
கடைவாய்ப் பற்கள்.
மேடு, பள்ளம், விரிசல், சொத்தை.
ஒவ்வொன்றாக ஸ்கேனரில் வைத்தான்.
பத்து மில்லிமீட்டரைப் பத்து கிலோமீட்டராக்கினால்
எந்தப் பல்லும் ஓர் உடைந்த உலகம்.
கடைசிக் கட்டத்தில் மிதக்கும் பெரும்பாறை
மீன் கடை ஆஸ்ட்ரா ஸ்குயாவின்
இடது கீழ்ப்பல்.
அவளுக்குத் தெரியாது.

வெளியிட்டது ஒரு வியாழன்.
கிழமையைச் சொல்கிறேன்.
பொத்தானை அமுக்கினான்.
குளிர்சாதனப் பெட்டி ஒருமுறை உறுமி அடங்கியது,
அவ்வளவுதான்.
முதல் நாள் முப்பத்தேழு பிரதிகள்.
அதில் இரண்டு, பிரிந்துபோன பைபா வாங்கியவை.
ஒன்று போதாதென்று நினைத்திருக்கலாம்
அல்லது விரல் இரண்டு தரம் பட்டிருக்கலாம்.
பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

மூன்றாம் வாரம் பராகுவேயிலிருந்து ஒரு கடிதம்:
“குழந்தை அழுதது.
பெரும்பாறைக்குப் பின்னால் கப்பலை நிறுத்திவிட்டு
எழுந்து போனேன்.
திரும்பி வந்து பார்த்தால்
எதிரி தன் படையோடு வந்த வழியே போகிறான்.
மறுபடி சோதித்தேன். பதினோரு நிமிடம்.
சுடாமல் இருந்தால் போதும்.
இப்படி ஒரு முடிவை வைத்ததற்கு நன்றி.”

அவன் எதையும் வைக்கவில்லை.
நான்காம் வருடம் காய்ச்சலோடு எழுதிய வரியில்
ஒரு கணக்கு நிரம்பி வழிந்து
பூஜ்யத்துக்குக் கீழே விழுகிறது.
எதற்கு வந்தோம் என்பதையே
எதிரி மறந்துபோகிறான்.
வழு.
உலகத்தின் முன் பல்லிளிக்கிற வழு.

இரண்டு நிமிட வேலை.
சொத்தையைக் குடைந்து அடைப்பதுபோல அடைத்து
புதிய பதிப்பை அனுப்பிவிட்டான்.
தொழில் சுத்தம் முக்கியம்.

தூக்கம் வரவில்லை.
தானே விளையாட உட்கார்ந்தான்.
ஆஸ்ட்ராவின் பல்லுக்குப் பின்னால் ஒதுங்கி
இரண்டு கைகளையும்
தொடைக்கடியில் வைத்துக்கொண்டான்.
எட்டு. ஒன்பது.
காற்று கண்ணாடியைத் தட்டியது.
பதினோராவது நிமிடம்
பாறையைச் சுற்றிக்கொண்டு வந்த எதிரி
மிகச் சரியாகச் சுட்டான்.
கால்வாய்ப் பனி பிளந்தது.

காலையில் மீன் கடை.
புகையூட்டிய மீன், நானூறு கிராம்.
தராசு முள் ஆடியதற்கா
வேறெதற்கோ
ஆஸ்ட்ரா வாய்விட்டுச் சிரித்தாள்.
இடது கீழே அந்தப் பள்ளம்,
கப்பல் ஒதுங்கிய நிழல்.
“என்ன அப்படிப் பார்க்கிறாய்?”
“சில்லறை” என்றான்.

வீட்டுக்கு வந்து
மேல்கோட்டைக் கழற்றாமலேயே
அடைத்த இடத்தைக்
குடையத் தொடங்கினான்.
மீன், விசைப்பலகைக்குப் பக்கத்தில்
காகிதத்தில் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது.