ஏரியல் பிடித்தவன்

பகாவ் சடக்கோரம்
ஆ லெங் கோப்பிக் கடைக்கு
ஊரின் முதல் டிவி வந்த வருடம்
கூரைமேல் நின்றவன் நான்.

தகரம் பகல் சூட்டை இன்னும் விடவில்லை.
வெறுங்காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு
மூங்கிலில் கட்டிய ஏரியலைத் திருப்பினேன்.
கீழே நாற்பது தொண்டை:
"இன்னுங் கொஞ்சம்... போச்சு... ஆங், அப்படியே நில்லு!"
அப்படியே நின்றேன்.
கூலி, ஒரு கோப்பி
பாதி ரொட்டி.

வியாழன் இரவு எட்டுக்குப்
பட்டாளத்துப் பாட்டுக் கச்சேரி.
எக்காளம், டிரம்,
ஜிகினாச் சட்டை போட்ட ஒருத்தி.
சட்டையைப் பற்றிச் சொன்னவன் அப்பளசாமி.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
தகர இடுக்கு வழியே
நெத்திலி பொரியும் வாசனையோடு
ஏறி வந்த குரல்.
கோமாளி ஒருவன் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடிப்பானாம்.
கூரை அதிரச் சிரித்தார்கள்.
எதற்கென்று தெரியாமல் நானும்.

இரண்டு பாட்டுக்கு நடுவே ஒருவர் பேசுவார்.
இசை நிற்காது, தணியும்,
தூங்கும் பிள்ளையைத் தாண்டிப் போகிறவள்போல.
வயது பதினெட்டு. உயரம் ஐந்தடி மூன்று.
மார்பு முப்பத்திரண்டு, மூச்சிழுத்தால் முப்பத்திநாலு.
சம்பளம், சாப்பாடு, சப்பாத்து.
மலாய் அரைகுறையாகத் தெரிந்த பையன்களும்
அளவுகளை மெட்டோடு பாடம் பண்ணினார்கள்.
மறுநாள் கித்தாக் காட்டில்
நிரைக்கு நிரை அதுதான் கேட்டது.
தையல்கார சவரியம்மா நாடாவைத் தர மறுத்தாள்.
வாளிக் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்தார்கள்.
அப்பளசாமிக்கு அரை அங்குலம் குறைந்தது.
பால் ஸ்டோர் உத்தரத்தில்
மூன்று வாரம் தொங்கினான்.

ஒரு வியாழன்,
அந்தப் பேச்சு வரும் நேரம் பார்த்து
மூங்கிலை ஒரு விரற்கடை திருப்பினேன்.
ஏனென்று கேட்டால் தெரியாது.
கீழே பெட்டி இரைந்தது,
வறுசட்டியில் கொட்டிய மணல்போல.
"டேய், மேல செத்துட்டியா?"
அப்பளசாமி குரல்.
திருப்பி வைத்தேன்.
கோப்பி ஆறிவிடுமே என்ற நினைப்பும் இருந்தது.

மூன்று பேர் போனார்கள்.
லாரி ஏறும்போதும் அதே மெட்டு.

சரவாக்கிலிருந்து கடிதம்:
"இங்கேயும் விடியுமுன்னே பெரட்டு.
பேர் கூப்பிட்டா இருக்கேன்னு சொல்லணும்.
நம்ம மண்டோர் இங்க வந்தா அழுதிடுவாரு.
அட்டை அங்க மாதிரியேதான்.
சப்பாத்து ஒரு சைஸ் பெரிசு.
பாட்டு இல்ல."
அடுத்த கடிதம் இரண்டு வரி.
அதற்கடுத்தது வேறொருவர் கையெழுத்து:
வலது கை சரியானதும் நானே எழுதுகிறேன்.

மழை விட்டதும் ஆ லெங்
நாற்பதடிக் குழாய் நட்டார்.
என் வேலை போயிற்று.
காசு கொடுத்துக் கோப்பி வாங்கி
முதல்முறை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன்.
ஜிகினா உண்மைதான்.
ஆனால் அவள் வாய் பாட்டுக்குக்
கொஞ்சம் பிந்தி அசைந்தது.
பாட்டு வேறெங்கோ
என்றைக்கோ பாடி முடித்தது.
இத்தனை நாள் கீழே இருந்தவர்கள்
இதைச் சொல்லவேயில்லை.

இசை தணிந்தது.
அவர் பேச வந்தார்.
மீசை மயிர் எண்ணலாம், அத்தனை தெளிவு.
பக்கத்தில் கன்னியப்பன், பதினாறு வயது,
மூச்சை இழுத்துப் பிடித்துத்
தன் மார்பைக் குனிந்து பார்த்தான்.

நான் அண்ணாந்தேன்.
மேலே யாருமில்லை.