பேத்தை விளக்கு

அந்தேரியில் ஒரு பேஸ்மென்ட். அதற்குள் தீவு.
ஓலைக்கூரைக்கு மேலே ஏசி குழாய்,
குழாய்க்கு மேலே கார்கள் நிற்கிற தளம்.
சுவரோரம் பல்லைக் காட்டும் மரச்சாமிகள் நான்கு,
ஒன்றின் முதுகில் மட்டும் பார்கோடு.

மீனுக்குள் பல்பு மாட்ட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.
ஊதி உலர்ந்த பேத்தை,
உடம்பெல்லாம் முள், வயிற்றில் துளை.
ஏணியில் நான். கீழே சண்டை.

அசல் தோல்தான் வேண்டும், பிளாஸ்டிக்கில் வார்த்தது ஏமாற்று,
குவளையில் காகிதக் குடை வைத்தால்
எழுந்து போய்விடுவேன் என்றார் கேதார் சாத்தே.
தனாஸ் சிரித்தாள்.
எது அசல்? முதல் கடையைத் திறந்ததே அமெரிக்காவில்,
தீவில் இல்லை.
இந்தச் சாமிகளின் பெயர் செதுக்கியவனுக்கே தெரியாது.
கேதார் மேசையைத் தட்டினார்:
பொய்யையாவது ஒழுங்காகச் சொல்ல வேண்டாமா?

டேப்பைப் பல்லில் கடித்திருந்தேன்.
இல்லையென்றால் கைதட்டியிருப்பேன்.

முதலாளி அண்ணாந்து பார்த்தார்.
சிலுவை என்பது அவர் வாயில் சில்வா.
'சில்வா, நீ கடற்கரைக்காரன்தானே,
உங்கள் பக்கம் இதை எப்படித் தொங்கவிடுவார்கள்?'

நான் பிறந்தது ஆன்டாப் ஹில்லில்.
உவரி எனக்குக் கல்யாணப் பத்திரிகையில் வரும் ஒரு வரி.
சித்தப்பா சொல்லிக் கேள்வி:
வலையில் பேத்தை விழுந்தால்
வைதுகொண்டே கடலில் எறிவார்களாம்.

மூன்று முகங்கள் காத்திருந்தன.
சொன்னேன்:
வாய் மேற்கே பார்க்கணும்.
கயிறு ஆகாது, துருப்பிடித்த கம்பி.
ஏன் என்றாள் தனாஸ்.
அப்படித்தான் என்றேன்.
கேதார் குறித்துக்கொண்டார்.
உப்புத்தண்ணீரில் மூன்று நாள் கம்பி ஊறியது.
அதற்குக் கூலி தனி.

இரண்டு மழைக்காலம் போய், லோயர் பரேல்.
மாலில் நாலாவது மாடி, வேறொரு தீவு.
இதில் அருவி உண்டு, எட்டு மணிக்கு ஒரு இடி.
டிசைனர் ருத்விஜா, இருபத்தைந்து வயதிருக்கும்,
என் கையில் நைலான் கயிற்றைப் பார்த்து முகம் சுளித்தாள்.
துருக்கம்பிதான் போடணும். வாய் மேற்கே.
அதுதானே முறை, தெரியாதா?

தெரியும் என்பது தொண்டைவரை வந்தது.
மேற்கு எந்தப் பக்கம் மேடம் என்றேன்.
போனில் திசைகாட்டியைத் திறந்தாள்.
நான் மீனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன்.
முள் கொஞ்ச நேரம்
சுற்றிக்கொண்டே இருந்தது.